மேகக் கோபுரத்தின் உயரம் என்ன?

ஐப்பசி பிறந்துவிட்டால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கேள்வி காலையும் மாலையும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். "கூண்டு ஏத்திட்டாங்களா?" என்பதே அது. வெளியூரிலிருந்து எங்கள் வகுப்பில் புதிதாய்ச் சேர்ந்த தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, யாரோ கிளி வளர்க்கிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டாளாம்! துறைமுகக் கொடிமரத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைத்தான் இங்கே யாவரும் சுருக்கமாகக் கூண்டு என்பர். பகலில் கூம்பும் உருளையுமாகக் கூண்டுகள். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகள். 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. 1-ஆம் எண் ஏறினால், புயல் உருவாகக்கூடிய நிலை எங்கோ தொலைவில் இருக்கிறது என்று பொருள். 8, 9, 10 ஆகியவை பேரபாயத்தைக் குறிப்பவை. 11-ஆம் எண்ணோ எல்லாவற்றிலும் பொல்லாதது. வானிலை நிலையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று, இனி என்ன வருமென்று சொல்வாரில்லை என்பதே அதன் பொருள்.

எங்கள் வகுப்பில் சரிபாதிப் பேர் கடலுக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகள். ஆகவே இந்த எண்கள் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை நாங்கள் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற மழைக்காலத்தில் எங்கள் அறிவியல் மன்றத்தின் சார்பில், இன்சாட் விண்கோள் எடுத்த மேகப் படத்தை நாள்தோறும் அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டி வந்தோம். எங்களுள் ஒருத்தி அதை வீட்டிற்கும் எடுத்துச் சென்று, வங்கக் கடலின் நடுவே பஞ்சுப் பொதிபோல் கிடந்த வெண்மையைத் தந்தையிடம் பெருமையோடு காட்டினாள். வலையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்த அவர், படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல வெள்ளையா கீது, சரிம்மா. அதுங்கீழ இன்னா நடக்குது? அதைச் சொல்லு" என்றார். அவளுக்கு விடை தெரியவில்லை. மறுநாள் அவள் வந்து கேட்டபோது எங்களுக்கும் தெரியவில்லை. அந்த ஒரு கேள்வியைத் துரத்திக்கொண்டு போனதன் பயனே இக்கட்டுரை.

முதலில் மேகத்தைப் பார்ப்போம். எல்லா மேகமும் புயல் மேகம் ஆகிவிடாது. உயரத்தில் பஞ்சைப் பிய்த்து இழுத்தாற்போல் கிடக்கும் கீற்று மேகம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. பகல் வெயிலில் பொட்டுப் பொட்டாய் மிதக்கும் திரள் மேகமும் அப்படியே. நாம் அஞ்ச வேண்டியது, புவியியல் புத்தகத்தில் கார்திரள் மேகம் என்று படிக்கிறோமே, அதற்குத்தான். அது பரந்து வளர்வதைவிட உயர்ந்து வளரும் மேகம். துறைமுகத்து அலைதடுப்புக் கற்களின்மேல் நின்று கீழ்வானத்தைப் பார்த்தால், சில மாலைகளில் காலிஃபிளவர்ப் பூப்போல மொக்கு மொக்காக அது கிளம்புவதைக் காணலாம். கொஞ்ச நேரத்தில் மொக்கின் மேல் மொக்கு விட்டு மலையாகிவிடும். பிறகு அதன் உச்சி தட்டையாகி, கொல்லன் பட்டடைக்கல்லைப் போல ஒரு பக்கமாக நீளும். தூரத்தில் இருக்கும் வரைதான் இந்த அழகெல்லாம். தலைக்கு மேலே வந்துவிட்டால் அடிவயிற்றுக் கறுப்பு மட்டுமே தெரியும், உயரம் தெரியாது. கோபுர வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குக் கலசம் தெரியாதது போலத்தான்.

அந்தக் கலசம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 8,849 மீட்டர். நம் பகுதியில் எழும் கார்திரள் மேகம் 16 அல்லது 17 கிலோமீட்டர்கூட உயர்ந்துவிடும். அதாவது, ஏறத்தாழ இரண்டு எவரெஸ்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல! மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் பெரிய விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பவை. அவையும் இதற்கு மேலே போக முடியாமல் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. துருவப் பகுதிகளில் இவ்வளவு உயர்ந்த மேகம் கிடையாது. மேகங்கள் விளையாடும் அடிவளி மண்டலத்தின் கூரை அங்கே 8, 9 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. வெப்ப மண்டலத்திலோ அந்தக் கூரை 16 முதல் 18 கிலோமீட்டர் வரை உயர்ந்திருக்கிறது. கூரையைத் தொட்ட மேகம் அதற்குமேல் ஏற இடமில்லாமல் பக்கவாட்டில் பரவுகிறது. பட்டடைக்கல்லின் இரகசியம் இதுவே.

இவ்வளவு பெரிய பாரத்தை மேலே தூக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். நம் வீட்டு இட்லிக் கொப்பரையில் அதற்கு விடை இருக்கிறது. கொதிநீர் கையில் பட்டால் சுடும். ஆனால் மூடியைத் திறக்கும்போது ஆவி பட்டால் அதைவிடக் கொடுமையாகச் சுடும் அல்லவா? ஆவி நம் தோலின்மேல் நீராக மாறும்போது, அதுவரை தன்னுள் மறைத்து வைத்திருந்த வெப்பத்தையெல்லாம் கொட்டிவிடுவதே காரணம். ஒரு கிராம் நீராவிக்கு ஏறத்தாழ 540 கலோரி என்று இயற்பியல் வகுப்பில் கணக்குப் போடுகிறோமே, அந்த உள்ளுறை வெப்பமே இது. கடலிலிருந்து கிளம்பும் ஈரக் காற்றும் அப்படித்தான். அது மேலே ஏறிக் குளிர்ந்து நீர்த்துளியாகும்போது வெப்பத்தை விடுகிறது. அந்த வெப்பம் சுற்றியுள்ள காற்றை இலேசாக்கி இன்னும் மேலே தள்ளுகிறது. ஏற ஏறத் துளி, துளியால் வெப்பம், வெப்பத்தால் மேலும் ஏற்றம். கடல்நீரின் மேற்பரப்பு 26, 27 டிகிரிக்குமேல் வெதுவெதுப்பாக இருந்தால் இந்த அடுப்பு அணையாமல் எரியும். ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் பெரும்பாலும் அந்த வெப்பத்தைத் தாண்டித்தான் இருக்கிறது.

இந்த அடுப்பைப் பற்றி உலகுக்கு முதலில் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி என்பதை அறிந்து நாங்கள் பெருமகிழ்ச்சி கொண்டோம். அவர் பெயர் ஜோன் சிம்ப்சன். வானிலை இயலில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவர், ஆண்டு 1949. பெண்ணுக்கு இத்துறை ஏற்றதன்று என்று பேராசிரியர்களே தடுத்துப் பார்த்தனர். அவர் மேகங்களை ஆராய விரும்பியபோது, அது அவ்வளவு முக்கியமான பொருள் அல்ல, ஆகவே ஒரு பெண் எடுத்துக்கொள்ளலாம் என்ற தோரணையில் அனுமதி கிடைத்ததாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்! 1958-இல் அவரும் ஹெர்பர்ட் ரீல் என்பவரும் சேர்ந்து ஒரு கணக்கை வெளியிட்டனர். பூமத்தியரேகைப் பகுதியில் கடல் பெறும் வெப்பத்தை அடிவளி மண்டலத்தின் உச்சிக்குக் கொண்டு சேர்க்க, உலகம் முழுவதும் சேர்ந்து ஒரு நேரத்தில் 1,500 முதல் 5,000 வரை உயர்ந்த மேகங்கள் இருந்தால் போதும் என்பதே அக்கணக்கு. இவற்றுக்கு 'வெப்பக் கோபுரங்கள்' என்ற பெயர் நிலைத்தது. புயலின் நடுவிலுள்ள கண்ணைச் சுற்றி இத்தகைய கோபுரங்களே சுவர்போல் நிற்கின்றன என்றும் அவர்கள் கூறினர். அப்போது விண்ணில் ஒரு வானிலைக் கோள்கூடக் கிடையாது. டைரோஸ் 1 என்னும் முதல் வெற்றிகரமான வானிலை விண்கோள் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஏவப்பட்டது.

சரி, விண்கோள் மேகத்தின் உயரத்தை எப்படி அளக்கிறது? அது மேலே இருந்துகொண்டு நூல் விட்டுப் பார்ப்பதில்லை. இன்சாட் வகைக் கோள்கள் பூமத்தியரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. பூமி சுழலும் அதே வேகத்தில் அவையும் சுற்றுவதால், நம்மைப் பொறுத்தவரை வானில் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் நிற்கின்றன. பகலில் சாதாரண ஒளியில் படம் எடுக்கும். இரவில் என்ன செய்வது? புயலுக்கு இரவு பகல் கிடையாதே! ஆகவே அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்துகின்றன. எந்தப் பொருளும் தன் வெப்பத்திற்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாத இக்கதிரை வீசிக்கொண்டே இருக்கும். சூடான கடல் அதிகம் வீசும். குளிர்ந்த மேக உச்சி குறைவாக வீசும். குறைவாக வரும் இடத்தைப் படத்தில் வெள்ளையாகவும், அதிகம் வரும் இடத்தைக் கறுப்பாகவும் காட்டுகிறார்கள். ஆக, இரவுப் படத்தில் நாம் பார்க்கும் வெள்ளை நிறம் மேகத்தின் நிறமே அன்று. அது குளிர்ச்சியின் அளவு.

குளிர்ச்சி தெரிந்தால் உயரம் தெரிந்துவிடும். மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறைகிறது. கடற்பரப்பு 29 டிகிரி என்று கொள்வோம். விண்கோள் ஒரு மேக உச்சியின் வெப்பம் மைனஸ் 75 டிகிரி என்று காட்டுகிறது. வேறுபாடு 104 டிகிரி. அதை 6.5 ஆல் வகுத்தால் 16 கிலோமீட்டர்! வேறொரு மேகத்தின் உச்சி 16 டிகிரி என்றால், வேறுபாடு 13. உயரம் 2 கிலோமீட்டர்தான். அதற்காகப் பயந்து யாரும் படகைக் கட்டிப்போட வேண்டியதில்லை. (உண்மையில் வானிலையாளர் பலூன் அனுப்பி அன்றன்றைய வெப்பநிலையை அளந்து இன்னும் நுணுக்கமாகக் கணக்கிடுவர். நமக்கு இந்த வகுத்தல் போதும்.) 2018 டிசம்பர் 29 அன்று பசிபிக் கடலில் நவுரு தீவின் அருகே எழுந்த ஒரு மேகத்தின் உச்சி மைனஸ் 111 டிகிரியாக இருந்ததை ஒரு விண்கோள் கண்டது. அது கூரையைப் பிய்த்துக்கொண்டு அடுத்த மண்டலத்திற்குள் தலையை நீட்டிய மேகம்.

நம் நாட்டில் இந்த வேலையை முதலில் வெற்றியோடு செய்தது 1983 ஆகஸ்டில் அமெரிக்க விண்கலமான சேலஞ்சர் கொண்டுபோய்விட்ட இன்சாட் 1பி. வானிலைக்கென்றே நம்மவர் செய்த முதல் கோள் 2002 செப்டம்பர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. மறு ஆண்டு பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்கல விபத்தில் கல்பனா சாவ்லா மறைந்தபோது, அந்தக் கோளுக்கு கல்பனா 1 என்று பெயர் சூட்டினர். எங்கள் ஆய்வுக்கூடச் சுவரில் அவர் படம் மாட்டியிருக்கிறது. அவர் பெயரால் ஒரு கோள் 2017 வரை நம் மேகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது எங்களுக்கு இப்போதுதான் தெரியும். அதன் பின்வந்த இன்சாட் 3டி (2013), இன்சாட் 3டிஆர் (2016), இன்சாட் 3டிஎஸ் (2024) ஆகியவை அரைமணிக்கு ஒரு படம் அனுப்பும் திறனுடையவை. அவற்றின் அகச்சிவப்புப் படத்தில் ஒரு புள்ளி என்பது 4 கிலோமீட்டர் சதுரம். காசிமேட்டிலிருந்து கடற்கரை ரயில் நிலையம் வரை ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை படித்த தோழியர், "கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதே" என்று எண்ணலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் தந்தை கேட்டது உச்சியைப் பற்றியன்று. கீழே என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. அங்கேதான் இந்த முறை சறுக்குகிறது. பட்டடைக்கல்லாக நீண்ட தட்டை மேகம் காற்றில் இழுபட்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரவும். அதுவும் மிகக் குளிர்ந்தது. படத்தில் அதுவும் பளிச்சென்ற வெள்ளையே. ஆனால் அதன் கீழே ஒரு சொட்டு மழைகூடப் பெய்யாமல் இருக்கலாம். கொப்பரையின் மூடியைப் பார்த்துவிட்டு உள்ளே எத்தனை இட்லி என்று சொல்ல முடியுமா? மூடியை ஊடுருவிப் பார்க்கும் கண் வேண்டும்.

அந்தக் கண் நுண்ணலை. மேகத்தின் மெல்லிய மூடியை நுண்ணலை கடந்து வந்துவிடும். பெரிய மழைத்துளியும் பனிக்கட்டியும் மட்டுமே அதைத் தடுக்கவோ சிதறடிக்கவோ செய்யும். ஆகவே எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் உண்மையான மழை. இந்தக் கண்ணை விண்ணுக்கு அனுப்பும் திட்டம் ஒன்றில் அறிவியல் பொறுப்பேற்றவர் யார் தெரியுமா? அதே ஜோன் சிம்ப்சன் அம்மையார்தான். 1986 முதல் பதினோரு ஆண்டுகள் அதற்காக உழைத்தார். 1997 நவம்பரில் ஜப்பானின் தனேகஷிமா தீவிலிருந்து அமெரிக்க, ஜப்பானியக் கூட்டுமுயற்சியாக அந்தக் கோள் ஏவப்பட்டது. டி.ஆர்.எம்.எம். என்பது அதன் பெயர். விண்ணில் சென்ற முதல் மழை ரேடார் அதில்தான் இருந்தது. மருத்துவமனையில் எடுக்கும் ஸ்கேன் போல, மேகத்தை அடுக்கடுக்காக அறுத்துக் காட்டியது. 1998 ஆகஸ்டில் அட்லாண்டிக் கடலில் போனி என்ற புயலுக்குள் 18 கிலோமீட்டர் உயரக் கோபுரத்தை அது படம் பிடித்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் காகிதத்தில் போட்ட கணக்கு கண்ணெதிரே நின்றது! பின்பு பல புயல்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் 2004-இல் ஒரு முடிவைச் சொன்னார்கள். கண்சுவரில் 14.5 கிலோமீட்டருக்கு மேற்பட்ட கோபுரம் எழுந்திருந்தால், அப்புயல் அடுத்த ஆறு மணி நேரத்தில் வலுவடையும் வாய்ப்பு மற்றவற்றைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. ஆறு மணி நேரம் என்பது கரையிலிருப்பவர்க்குச் சிறிது. கடலில் இருப்பவர்க்கு மிகப் பெரிது.

இனிச் சொல்லப்போவது நம் ஊருக்கே உரிய செய்தி. 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்று மேகா ட்ராபிக் என்ற கோளைச் சுமந்து சென்றது. மேகம் நம் சொல்; ட்ராபிக் பிரெஞ்சுக்காரர் சொல். இரு நாடுகளும் சேர்ந்து செய்த கோள். அதிலிருந்த முக்கியமான நுண்ணலைக் கருவியின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்தால் என்ன வரும்? மெட்ராஸ்! சென்னை என்று நாம் பெயர் மாற்றிப் பல ஆண்டுகளான பிறகு, நம் பழைய பெயர் விண்ணில் 867 கிலோமீட்டர் உயரத்தில் சுழன்று மேகத்தைப் பார்த்தது. சாதாரணமாக இவ்வகைக் கோள்கள் வடதுருவம் தென்துருவமாகச் சுற்றும். நம் தலைக்கு மேலே நாளுக்கு ஓரிரு முறைதான் வரும். மேகா ட்ராபிக்கோ பூமத்தியரேகைக்கு 20 டிகிரி சாய்வில் மட்டுமே சுற்றியது. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. ஆகவே நம்மைப் போன்ற ஊர்களை அது ஒரே நாளில் பலமுறை பார்த்தது. சில மணி நேரமே வாழும் மேகக் கோபுரத்தை நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் எப்படிப் புரியும்? அதற்காகவே இந்த ஏற்பாடு.

வருந்தத்தக்க செய்தி என்னவெனில், மெட்ராஸ் கருவியின் சுழலும் பகுதியில் கோளாறு ஏற்பட்டு 2013-இல் அது ஓய்ந்துவிட்டது. ஈரப்பதத்தை அளக்கும் சாஃபிர் என்ற துணைக் கருவி பல ஆண்டுகள் உழைத்தது. முடிவில், 2023 மார்ச் 7 அன்று கோளை வேண்டுமென்றே கீழே இறக்கிப் பசிபிக் கடலின் மேலே எரித்துவிட்டார்கள். பழுதான கோளைக் குப்பையாக விட்டுவைக்காமல் இப்படிப் பொறுப்பாக அப்புறப்படுத்தியதும் பாராட்டத்தக்கதே.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாளில் எண்ணூர்க் கடற்கரையில் நின்றால் வடக்கே நெருப்புக் கோடு ஒன்று எழுவதைக் காணலாம். அன்று பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பும் வந்துவிடும். ஒருநாள் பிழைப்பு போவது அவர்களுக்கு எளிதன்று. நம் நாட்டு ராக்கெட் வரலாறே மீனவர் மனமுவந்து விட்டுக்கொடுத்த இடத்தில்தான் தொடங்கிற்று. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் புனித மகதலேனா மரியாள் ஆலயத்தையும் அதைச் சுற்றியிருந்த குடியிருப்பையும் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் காலத்தில் மக்கள் விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் மேல்வானத்தை ஆராயப் புறப்பட்டது. அந்த ஆலயக் கட்டடம் இன்று விண்வெளி அருங்காட்சியகம்.

நம் ஊருக்குத் திரும்புவோம். விண்கோள் மேலிருந்து பார்க்க, பக்கவாட்டிலிருந்து பார்க்க ஒரு கண் நம் துறைமுகத்திலேயே இருக்கிறது. துறைமுக நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் வெள்ளைப் பந்துபோல் தெரிவது டாப்ளர் ரேடார், 2002-இல் நிறுவப்பட்டது. மழைத்துளி எவ்வளவு, அது எந்தப் பக்கம் எவ்வளவு வேகத்தில் நகர்கிறது என்று சில நூறு கிலோமீட்டர் வரை சொல்லும். இத்தனை கண்கள் இருந்தும் மேகக் கோபுரம் ஏமாற்றுவதும் உண்டு. 2021 டிசம்பர் 30 அன்று பிற்பகலில் சென்னையில் திடீரென்று கொட்டிய பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். முதல்நாள் முன்னறிவிப்பில் அத்தகைய மழை சொல்லப்படவில்லை. புயல் என்பது நாட்கணக்கில் நகரும் பெரிய கப்பல். அதைத் தொடர்ந்து பார்க்கலாம். தனிக் கோபுரம் அப்படியன்று. எழுந்த பிறகு காண்பது எளிது. எழுமுன் இங்கேதான் எழும் என்று சொல்வது இன்னும் கடினமே.

கண்டுகொள்வது பாதி வேலைதான். கண்டதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்வது மறுபாதி. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் ஒக்கி புயலாயிற்று. விண்கோள் அதைப் பார்க்காமலில்லை. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை போன்ற ஊர்களின் மீனவர்கள் பல நாட்களுக்கு முன்பே தங்கு கடல் மீன்பிடிப்புக்காக வெகுதூரம் போய்விட்டிருந்தனர். எச்சரிக்கை கரையில் ஒலித்தது; கடலில் ஒலிக்கவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் மாண்டனர் அல்லது திரும்பவில்லை. இராயப்பர் பெயரால் அமைந்த ராயபுரத்தைப் போலவே அவ்வூர்களும் ஆலயமும் கடலுமே வாழ்வாகக் கொண்டவை. செய்தி எட்டாத அந்தப் படகு ஒவ்வொன்றின் மேலும் 11-ஆம் எண் கூண்டு ஏறியிருந்தது என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

அதன் பிறகு, கரையிலிருந்து விண்கோள் வழியாகப் படகுக்கே எழுத்துச் செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. ஒரு லட்சம் படகுகளில் இவற்றைப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. படகிலிருப்பவரும் ஆபத்து என்று திருப்பிச் செய்தி அனுப்பலாம். கரையை விட்டுச் சற்றுத் தள்ளிப் போனாலே கைப்பேசி ஊமையாகிவிடும் என்பதை அறிந்த வீடுகளுக்கு இது எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, தந்தையின் கேள்விக்கு எஞ்சிய விடை. மேகத்தின் கீழே மழை உண்டா என்பதை நுண்ணலை சொல்லிவிட்டது. படகைக் கவிழ்ப்பது மழையன்று, காற்று. அதைக் காண்பதற்கும் ஒரு கருவி உண்டு. காற்று வீசும்போது கடல்மேல் சின்னஞ்சிறு நெளிவுகள் எழுகின்றன அல்லவா? விண்கோள் நுண்ணலையை அனுப்ப, அந்த நெளிவுகளில் பட்டு அது திரும்பி வருகிறது. நெளிவு மிகுந்தால் திரும்புவதும் மிகும். பல கோணங்களில் அளந்தால் காற்றின் வேகத்தோடு திசையும் தெரிந்துவிடும். 2009-இல் சென்ற ஓஷன்சாட் 2, 2016-இல் சென்ற ஸ்காட்சாட் 1, 2022 நவம்பர் 26 அன்று சென்ற இ.ஓ.எஸ். 06 ஆகிய மூன்றும் இக்கருவியைச் சுமந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே கிளம்பியவை.

எங்கள் தோழி அந்தக் காற்றுப் படத்தையும் ஒருநாள் வீட்டிற்கு எடுத்துப் போனாள். கடல் முழுவதும் சின்னச் சின்ன அம்புக்குறிகள். அவள் விளக்கத் தொடங்குமுன்பே தந்தை விரலை வைத்து, "இது வாடை... இங்க பாரு, இது கொண்டல் பக்கம் திரும்புது" என்று எங்களைவிட வேகமாகப் படித்துவிட்டாராம். பிறகு படத்தின் மூலையிலிருந்த எண்ணைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். 0430 என்றிருந்தது. அது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம், அதாவது காலை 10 மணி என்றாள் அவள். அவர் வாசலுக்கு வந்து கீழ்வானத்தை ஒருமுறை பார்த்தார்.

"காலைல பத்து மணிக்கு எடுத்தது. இப்ப மணி இன்னாம்மா?"

நாலரை ஆகியிருந்தது. அவர் வலையைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டுப் படகை இன்னொரு கயிறு போட்டுக் கட்டப் போனார்.